இத்தாலியச் சமையலும் நம் குசினியும்

கடந்த 2025ஆம் யூபிலி ஆண்டில் உரோமைக்குத் திருப்பயணம் சென்று வந்த அன்பர் ஒருவர், ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கோவில் படிக்கட்டிலேயே என்னை வழிமறித்தார். நான்கு பெரும் பேராலயங்களின் புனிதக் கதவுகளையும் கடந்து வந்தவர். அக்கதவுகளைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று எண்ணிச் செவிசாய்த்தேன். "ஃபாதர், அங்கே ஒரு சந்துக்குள்ளே சின்னச் சாப்பாட்டுக் கடை. வயசான அம்மா ஒருத்தங்க சமைக்கிறாங்க. அசல் வீட்டுச் சாப்பாடு! நம்ம தாம்பரம் பக்கத்துல அந்த மாதிரி இத்தாலிய வீட்டுச் சாப்பாடு எங்கேயாவது கிடைக்குமா?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் விடவில்லை. சேலையூர் கேம்ப் ரோட்டில் தேடியிருக்கிறார். மேடவாக்கத்திலும் வேளச்சேரியிலும் தேடியிருக்கிறார். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி வரையிலும் போய்ப் பார்த்திருக்கிறார். கிடைத்ததெல்லாம் 'ஒயிட் சாஸ் பாஸ்தா'வும் பனீர் டிக்கா பீட்சாவுமே. "எல்லாம் போலி ஃபாதர்" என்று அவர் கையை விரித்தபோது, வாக்களிக்கப்பட்ட நாட்டைக் காணாமல் திரும்பியவரின் சோகம் அவர் முகத்தில் தெரிந்தது. அன்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஆனால் கேள்வி என்னோடு அறைக்கு வந்துவிட்டது. அன்பர் இவ்விதழின் வாசகர். இக்கட்டுரை அவருக்கான மறுமொழி. சற்றுக் கசக்கும், பொறுத்தருள்வாராக.

முதலில் 'அசல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் புறநகர்க் கடைகளில் பாஸ்தா என்ற பெயரில் வருவது மைதாவும் பாலும் வெண்ணெயும் சேர்ந்த கூழில் மிதக்கும் மாவுப்பண்டம் என்பது உண்மையே. 'ஆல்ஃபிரெடோ' என்று அதற்குப் பட்டப்பெயரும் சூட்டுகிறார்கள். உரோமையில் ஆல்ஃபிரெடோ தி லேலியோ என்பவர் பரிமாறிப் புகழ்பெற்ற அந்த உணவில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மட்டுமே உண்டு. பாலேடு சேர்ந்தது அமெரிக்காவில். அமெரிக்கா வழியாகத்தான் அது நம்மிடமும் வந்தது. பன்னாட்டுப் பீட்சா நிறுவனங்கள் இந்தியாவில் கால் பதித்தது 1996இல். அந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு இன்று கல்யாணமாகிக் கையில் குழந்தையும் இருக்கும். அப்பிள்ளைகளுக்குப் பனீர் டிக்கா பீட்சா அவர்கள் வளர்ந்த ஊரின் உணவு. கிறித்தவக் கல்லூரி மாணவனும் பொத்தேரி விடுதி மாணவியும் அதை விரும்பி உண்டால் எனக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. அதைப் போலி என்பவர் 'அசல்' எது என்று காட்ட வேண்டும் அல்லவா?

காட்டுவது அவ்வளவு எளிதன்று. தக்காளி இத்தாலியின் காய் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. இத்தாலியில் தக்காளிச் சாறு செய்யும் முறை முதன்முதலாக அச்சேறியது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், நேப்பிள்ஸ் நகரில். நமது தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1656இல், மயிலையில் கண்மூடிவிட்டார். ஆக, தமிழ் மண்ணுக்கு வந்த இத்தாலியருள் தலைசிறந்தவர், நாம் இன்று 'அசல் இத்தாலி' என்று நாக்கில் நீர் ஊறப் பேசும் சிவந்த சாற்றை அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. நம் சாம்பாரின் தக்காளியும் குழம்பின் மிளகாயும் அதே கடல் கடந்து வந்தவைதாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுக்களையில் பூர்வீகம் பேசப் புகுந்தால் எந்த நாட்டாருக்கும் தலைநிமிர வழியில்லை.

வட இத்தாலியின் 'பொலெந்தா' இன்று நட்சத்திர விடுதிகளில் வெள்ளித் தட்டில் வருகிறது. அது மக்காச்சோளக் களி. சோளமும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அக்களியைத் தவிர வேறொன்றும் கிட்டாத வட இத்தாலிய உழவர்கள் 'பெல்லாக்ரா' என்னும் சத்துக்குறை நோயால் தோல் வெடித்து, புத்தி பேதலித்து, கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். நாம் தேடுகிற 'அசல் வீட்டுச் சாப்பாடு' அவர்களுக்குச் சாவுச் சோறாக இருந்தது. இத்தாலியரே தங்கள் மரபுச் சமையலின் பெரும்பகுதியை 'குச்சீனா போவெரா' என்று அழைக்கிறார்கள். ஏழை அடுக்களை என்று பொருள். தொஸ்கானா நாட்டின் 'ரிபொல்லீத்தா' என்பது மீந்த காய்ச்சாற்றில் பழைய ரொட்டியைப் போட்டு மறுபடி கொதிக்கவைத்தது. 'பன்சனெல்லா' என்பது காய்ந்த ரொட்டியை நீரில் நனைத்துப் பிழிந்து, வெங்காயமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது. பழைய சோற்றில் நீர் ஊற்றி வெங்காயம் கடித்த நம் பாட்டிமாருக்கு இதில் விளக்கம் தேவையா? 2025 டிசம்பரில், புதுதில்லிச் செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. குடும்பமாகச் சேர்ந்து சமைப்பது, ஒன்றாய் அமர்ந்து உண்பது, எதையும் வீணாக்காதிருப்பது, தலைமுறைக்குத் தலைமுறை கற்றுத் தருவது ஆகிய பழக்கங்கள் அங்கே சிறப்பித்துப் பேசப்பட்டன. எந்த ஒரு தனிப் பண்டத்தின் செய்முறைக்கும் அந்த மதிப்பு தரப்படவில்லை.

எனவே அன்பரே, கையில் உள்ளதைக் கொண்டு ஆக்குவதே அந்த அசல் என்றால், தாம்பரம் சந்தையின் முருங்கைக்கீரையையும் காராமணியையும் கொண்டு சமைப்பவரே இத்தாலியப் பாட்டிக்கு நெருங்கிய உறவினர். இறக்குமதிச் சீஸ் டப்பாவைத் திறப்பவர் அல்லர்.

'அசல்' இவ்வளவில் நிற்கட்டும். எனக்கு உண்மையில் சண்டை 'வீட்டுச் சாப்பாடு' என்னும் சொல்லோடுதான்.

இத்தாலியில் சிறு உணவுக்கடைகளின் பலகையில் 'குச்சீனா கசலிங்கா' என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் மெஸ்களில் 'வீட்டுச் சாப்பாடு' என்று எழுதுவது போலத்தான். 'கசலிங்கா' என்பதற்கு வீட்டுமுறை என்று பொருள். அதே சொல்லுக்கு இல்லத்தரசி என்றும் பொருள். அங்கே பலகையிலேயே அப்பெண் நிற்கிறாள். நம் பலகையில் வீடு இருக்கிறது, அவள் இல்லை. வீடா சமைக்கிறது? சுவரும் கூரையுமா அதிகாலை 4 மணிக்கு எழுந்து அரிசி களைகின்றன?

இன்னொரு சொல்லுறவையும் கேளுங்கள். பங்குத்தந்தையின் இல்லத்து அடுக்களையை நம் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் 'குசினி' என்பார்கள்; சமைப்பவரைக் 'குசினிக்காரர்' என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். இத்தாலியரின் 'குச்சீனா'வும் நம் 'குசினி'யும் ஒரே இலத்தீன் தாயின் பிள்ளைகள். நான் குருவானவன் ஆன நாள் முதல் எத்தனையோ குசினிக்காரர்களின் கையால் உண்டிருக்கிறேன். அவர்களுள் எத்தனை பேர் என்னோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே அதிகம். சூடாக வந்த சோற்றை உண்டுவிட்டு, பகிர்தலைப் பற்றி மறையுரை எழுத அறைக்குப் போனவன் நான். ஆகவே கீழே எழுதுவதெல்லாம் என் மேலும் விழும் அடிகள் என்று கொள்க.

வீட்டுச் சமையலின் இத்தாலிய வேதநூல் என்று ஒன்றைச் சொல்வதானால், பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891இல் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட சமையல் நூலைச் சொல்லலாம். அர்த்தூசி ஒரு வணிகர், மணமாகாதவர். அவரது நூலின் செய்முறைகளைச் சமைத்துச் சோதித்துத் தந்தவர்கள் அவர் வீட்டில் பணிபுரிந்த மரியெத்தா சபாத்தினி என்ற பெண்ணும், பிரான்செஸ்கோ ருஃபில்லி என்ற சமையற்காரரும். அர்த்தூசி 1911இல் இறந்தபோது அந்நூலின் வருவாய் உரிமையை அவ்விருவருக்கும் எழுதிவைத்தார். அவர் பிறந்த ஊரான ஃபோர்லிம்போபோலியில் இன்றும் மரியெத்தாவின் பெயரால் வீட்டுச் சமையலில் வல்லவர்களுக்கு விருது வழங்குகிறார்கள். மணமாகாத ஆண் ஒருவரின் 'வீட்டுச் சாப்பாடு' யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை அந்த மனிதர் மறைக்கவில்லை. மணமாகாத எங்களுக்கு அவரிடம் கற்க நிறைய இருக்கிறது.

இத்தாலிய அரசும் ஒரு காரியம் செய்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, ஊதியமின்றி வீட்டுவேலை செய்வோருக்கு வீட்டுக்குள் நேரும் விபத்துகளுக்கான காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அதாவது அடுக்களையும் ஒரு தொழிற்கூடம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. நம் தமிழகத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியபோது, 'உரிமை' என்ற சொல்லே சிலருக்கு உறுத்தியது. "சும்மா வீட்டில் இருப்பவர்களுக்கு ஏன் பணம்?" என்று கேட்டவர்கள் நம் அன்பியக் கூட்டங்களிலும் உண்டு. சும்மா! 2019இல் நடுவண் அரசின் புள்ளியியல் துறை எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அதிலும் அவ்வாறு ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். மீதி 74 பேர் அன்று அசல் வீட்டுச் சாப்பாட்டின் சுவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"அம்மாவின் கைமணத்துக்கு விலை பேசலாமா ஃபாதர்? அது அன்பல்லவா?" என்று கேட்பவர்களை நான் அறிவேன். அன்புதான், யார் மறுத்தார்? ஆனால் ஒருத்தியின் அன்பு, மற்ற நால்வர் தட்டைக் கழுவாமல் எழுந்து போவதற்கு உத்தரவுச் சீட்டா? பேதுருவின் மாமியார் காய்ச்சல் நீங்கியதும் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தார் என்று மாற்கு எழுதுவதை வைத்து, "குணம் பெற்றவுடன் பணி செய்த தாய்" என்று எத்தனை மறையுரை ஆற்றியிருக்கிறோம்! அன்று அந்த வீட்டில் காய்ச்சல் இல்லாத ஆண்கள் பலர் இருந்தார்கள் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. அதே பேதுருவும் தோழர்களும் இரவெல்லாம் வலை வீசிக் களைத்துத் திபேரியாக் கடற்கரைக்கு வந்தபோது, அங்கே கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பத்தோடு காத்திருந்தவர் யார்? உயிர்த்த ஆண்டவர். சாவை வென்று வந்தவர் காலைச் சிற்றுண்டி ஆக்கினார். சாப்பிட வாருங்கள் என்று அவரே அழைத்தார். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைப் பேதுருவின் தலைமைக்குச் சான்று காட்ட மட்டுமே எங்களுக்குக் குருமடத்தில் கற்பித்தார்கள். அடுப்பைப் பற்றி எந்தப் பேராசிரியரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இனி எங்கள் பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில் இரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் நம் சபைப் பெண்மணி ஒருவர் சிறிய மெஸ் நடத்துகிறார். கணவர் இல்லை. சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுமாக 60 பேர் அவர் கையால் உண்கிறார்கள். பலகையில் 'வீட்டுச் சாப்பாடு' என்றுதான் எழுதியிருக்கிறது. அவர் உண்பது பிற்பகல் 4 மணிக்கு. சில நாள் குழம்பு இருக்காது, ரசமும் அடிச்சோறும்தான்.

முதல் நற்கருணை விழாவுக்குப் பிள்ளைகள் 40 பேருக்கும் பீட்சா வரவழைக்க வேண்டும் என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள். கைப்பேசியில் விரலால் தட்டினார்கள். போட்ட விலையை அப்படியே கட்டினார்கள். ஒருவரும் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. பெரியவர்களுக்கான மதிய உணவை இந்த அம்மாவிடம் கேட்டார்கள். கோழிக் குழம்பு, கூட்டு, ரசம், பாயசம் எல்லாம் சேர்த்து இலைக்கு 180 ரூபாய் என்றார். "என்னம்மா, வீட்டுச் சாப்பாடுதானே, இதுக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்டு 140க்கு இறக்கினார்கள். பேரம் நடந்தபோது நான் அதே கூடத்தில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. பங்குப் பேரவையின் பணம் மிச்சமாகிறது என்று உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இங்கேதான் அன்பரின் கேள்வி என்னைச் சுட்டது. 'வீட்டுமுறை' என்ற சொல் இத்தாலியப் பெயரோடு சேர்ந்தால் விலை ஏறுகிறது. பாஸ்தாக் கிண்ணம் 450 ரூபாய் என்றாலும், "பாட்டி செய்முறை" என்று அட்டையில் எழுதியிருந்தால் மனமுவந்து கொடுக்கிறோம். அதே சொல் நம் ஊர்ப் பெண்ணோடு சேர்ந்தால் விலை இறங்குகிறது. கடல் கடந்து சந்துக்குள் கண்ட மூதாட்டியின் கையைப் புகழ்ந்து பேசும் நாம், இரயிலடிக்குப் பின்னால் உள்ள கையோடு 40 ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். அசலைத் தேடும் அன்பரே, அந்தப் பேரத்தில் முன்னின்றவர்களுள் நீங்களும் ஒருவர். மறந்திருக்க மாட்டீர்கள்.

கொரிந்து நகரத்துச் சபையாரும் வீட்டில்தான் கூடி உண்டார்கள். வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு குடித்தார்கள். இல்லாதோர் பசியோடு நின்றார்கள். அது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுலடியார் முகத்திலடித்தாற்போல் எழுதினார். முதல் நற்கருணை நாளில் நாம் நடத்திய விருந்தை அவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

தத்துவ போதகரிடம் திரும்புகிறேன். 1605இல் கோவாவில் இறங்கி 1606இல் மதுரைக்கு வந்த அந்த உரோமைப் பிரபு குலத்தவர், தம் நாட்டு உணவைத் துறந்து, புலால் விலக்கி, நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் உண்டு வாழ்ந்தார். அவர் விட்டுவந்த மேசையைத் தேடி அவருடைய ஆன்மிகப் பிள்ளைகள் இன்று வேளச்சேரி வரை அலைவது வேடிக்கைதான். ஆயினும் அவரைத் துதித்துவிட்டு மட்டும் நகர எனக்கு மனமில்லை. அவருக்குச் சமைத்தவர் பிராமணராக இருக்க வேண்டியிருந்தது. இல்லையெனில் உயர்சாதியார் அவரை அண்டியிருக்க மாட்டார்கள். யார் கையால் உண்ணலாம், யார் கையால் உண்ணலாகாது என்ற அந்தக் கணக்கையும் நாம் அவரோடு சேர்த்தே சுவீகரித்தோம். அது இன்னும் தீர்ந்தபாடில்லை. பங்குத் திருவிழாவில் எந்தத் தெருக்காரர் அண்டாவைத் தொடலாம் என்ற பேச்சு இன்னும் சில ஊர்களில் எழுகிறது என்பதை நாம் அறிவோம். துறவியின் ஒருவேளைச் சோற்றைப் பேசும் நாம், அதை ஆக்கியவரின் பெயரைப் பேசியதுண்டா?

அன்பர் கேட்ட முகவரிக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை முன்னிரவே ஊறவைத்து வேகவையுங்கள். பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வதக்குங்கள், கருகவிடாதீர்கள். ஒரு தக்காளி, வெந்த கடலை, அதன் நீர் சேர்த்துக் கொதிக்கும்போது சிறு மக்ரோனியைப் போட்டு அதிலேயே வேகவிடுங்கள். உப்பு, மிளகு. இத்தாலியின் ஏழை வீடுகளில் கடலையும் பாஸ்தாவும் இப்படித்தான் ஒரே பானையில் வெந்தன. ஒறுத்தல் நாளுக்கும் ஏற்றது. நீங்களே ஆக்கி, உங்கள் துணைவியாரை முதலில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். பாத்திரத்தையும் நீங்களே கழுவுங்கள். தென்சென்னைப் புறநகரில் இதைவிட அசலான இத்தாலிய வீட்டுச் சாப்பாடு எங்கும் இல்லை.

மெஸ் நடத்தும் அம்மாவுக்குக் குறைத்த 40 ரூபாயை இலைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும், இனிப் பங்கு விழாக்களில் அவர் சொல்லும் விலைக்குப் பேரம் கூடாது, அவரும் உதவியாளர்களும் முதற்பந்தியில் அமர வேண்டும் என்று சென்ற மாதப் பேரவைக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். முதலிரண்டும் முனகலோடு நிறைவேறின. மூன்றாவதில், "அப்போ பரிமாறுறது யாரு ஃபாதர்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நாம்தான் என்றேன். கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. "வீட்டுச் சாப்பாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்றார் அவர். ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு அந்த அம்மாவின் அடுக்களைக்கு என்னோடு வந்து வெங்காயம் உரித்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று அழைத்தேன். நான் இரண்டு முறை போய் வந்துவிட்டேன். அவர் இன்னும் வரவில்லை.